கோழி மேய்க்கும் கொம்பனி

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்." யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன வாக்கு. கோறணமேந்தும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் கணக்குப் பார்த்தது. கோழி எங்களுடையதாக இருக்கட்டும், முற்றமும் எங்களுடையதாக இருக்கட்டும், மேய்ப்பவனை மட்டும் ஒரு கொம்பனியிடம் வாடகைக்கு எடுப்போம் என்று முடிவுசெய்தது. வாடகை ஆளுக்குப் பென்சன் இல்லை. பதவியுயர்வு இல்லை. பெயர்கூடத் தேவையில்லை. காவலாளி 12, சுத்திகரிப்பாளர் 30. எண்ணிக்கை போதும்.

குடாநாட்டில் பெரிய அலுவலகம் எதற்கும் போய்ப் பாருங்கள். படலையில் உங்களை மறிப்பவர், நிலம் துடைப்பவர், கணினியில் உங்கள் பெயரைப் பிழையாக அடிப்பவர் என்று பாதிப்பேர் 'மான்பவர்' ஆட்கள். சம்பளம் பிந்தினால் அலுவலகத்தைக் கேட்பார்கள். "கொம்பனியைக் கேளுங்கோ." கொம்பனியைக் கேட்பார்கள். "பில் பாஸ் ஆகேல்லை, அலுவலகத்தைக் கேளுங்கோ." இரண்டு முதலாளி இருக்கும் இடத்தில் ஒரு முதலாளியும் இல்லை.

விலைமனு கோரும்போது ஆகக் குறைந்த விலைக்குத்தான் மாலை. சரி, கணக்கைப் பார்ப்போம். 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதன்மேல் தொழில்கொள்வோர் கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், அதாவது 3,600. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 900. ஒரு தலைக்கு 34,500. இதற்குப் பிறகுதான் சீருடை, சவர்க்காரம், மேற்பார்வையாளர், கொம்பனிக்காரரின் வாகனம், அவருடைய லாபம். இந்தத் தொகையை ஒட்டி ஒருவர் விலை போட்டால் லாபம் எங்கிருந்து வரும்? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற பிள்ளை சொல்லிவிடும். பெறுகைக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு வருவதில்லை. மேலதிக நேரத்தில் வெட்டு. சீருடைக்குக் கழிவு. ஒருநாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் போச்சு. தொழிலாளியின் பங்கான 8 வீதம் சம்பளத்தில் ஒழுங்காகக் கழிபடும். அது நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பிள்ளையாரிடம்தான் கேட்கவேண்டும்.

பணிக்கொடைச் சட்டம் 1983இல் வந்தது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம். நல்ல சட்டம். ஆனால் விலைமனு ஒப்பந்தத்தின் ஆயுள் ஒரு வருடம், இரண்டு வருடம். பழைய கொம்பனி போகும், புதுக் கொம்பனி வரும். அதே விறாந்தை. அதே விளக்குமாறு. அதே அக்கா. சேவைக்காலம் மட்டும் மறுபடி முதலாம் நாளிலிருந்து. பத்து வருடம் கூட்டியவளுக்கு ஐந்து வருடம் நிறையாத அதிசயம் இப்படித்தான் நடக்கிறது. முன்கதவில் சட்டத்தை எழுதி மாட்டியவர்களே பின்கதவையும் கட்டி, சாவியைக் கொம்பனிக்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இது யாரோ சில்லறைக் கொந்திறாத்துக்காரரின் கைவேலை என்று நினைக்கவேண்டாம். 2016 டிசெம்பர் இறுதியில் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் மனிதவலு ஊழியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வருடக்கணக்காக டெலிகொம்மின் கம்பியை இழுத்தவர்கள், டெலிகொம்மின் பழுதைத் திருத்தியவர்கள். ஆனால் அவர்கள் டெலிகொம் ஊழியர் அல்லர். ஆள் வழங்கும் கொம்பனியின் ஊழியர். அந்தக் கொம்பனி யாருடையது? டெலிகொம்மினுடைய சொந்தத் துணை நிறுவனம். டெலிகொம்மில் ஏறத்தாழப் பாதிப் பங்கு யாருடையது? அரசாங்கத்தினுடையது. தன் சட்டைப்பைக்குள் தானே ஒளிந்துகொண்டு, தொழிலாளியைப் பார்த்து "நான் இங்கே இல்லை" என்று சொல்ல ஓர் அரசாங்கத்தால்தான் முடியும்.

வடக்கில் இதற்கும் கீழே ஒரு படி உண்டு. தொண்டர். தொண்டர் ஆசிரியர், சுகாதாரத் தொண்டர். நியமனம் வரும், வரும் என்று வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலை வாங்கினார்கள். பிறகு அவர்களை ஆளுநர் அலுவலக வாசலில் குந்தவைத்தார்கள். பட்டதாரிகளுக்குக் கச்சேரி வாசல். 2017 பெப்ரவரி இறுதியில் தொடங்கிய போராட்டம் நூறு நாளைத் தாண்டியது. தேர்தல் வந்தால் நியமனம் நினைவுக்கு வரும். 2020இல் நாடு முழுவதும் ஐம்பதாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாவுக்குப் 'பயிலுநர்' ஆக்கினார்கள். பலருக்குக் கதிரை இல்லை, மேசை இல்லை, வேலையும் இல்லை. 2022இல் நாடு வங்குரோத்தானது. ஆட்சேர்ப்பு நின்றது. ஆனால் கழிவறை கழுவாமல் நிற்குமா? படலை தன்பாட்டில் பூட்டுமா? கொம்பனிகளுக்கு நல்ல காலம்.

கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் ஆறுதல் கிடைக்குமா என்றால், அங்கேயும் இதே கூத்துத்தான். 2025 ஓகஸ்ட்டில், இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துச் சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு முன்னால் இருந்தார்கள். 13ஆம் திகதி நள்ளிரவில் பொலிஸ் அவர்களைத் தூக்கி ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளருக்கு இலவசக் காலை உணவு என்று அறிவித்தது. வேலை தனியாருக்கு. இட்டலி தொழிலாளிக்கு.

திரும்ப எங்கள் பக்கம் வருவோம். இந்த ஆள்வாடகை இயந்திரத்துக்கு எண்ணெய் விட ஒரு பிள்ளை இருக்கிறாள். ஒருத்தி அல்ல, அலுவலகத்துக்கு ஒருத்தி. மனிதவள முகாமைத்துவம் படித்தவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று தனித் துறையே உண்டு. ஊழியர் திருப்தி, ஊழியரைத் தக்கவைத்தல் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவள். இப்போது மனிதவளப் பிரிவில் மூலை மேசை. அவளும் கொம்பனி ஆள்தான். மற்றவர்களின் லீவைப் பதிவாள். அவள் வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. மற்றவர்களின் பதவியுயர்வுக் கோவையைத் தூசி தட்டி எடுத்துக் கொடுப்பாள். அந்த அலுமாரியில் அவள் பெயரில் ஒரு கோவையும் இல்லை. அவளுக்கான செலவு சம்பளத் தலைப்பின்கீழ் வராது. ஒப்பந்தச் சேவைகள் என்ற தலைப்பில், மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்து போகும்.

விறாந்தை கூட்டும் அக்கா அவளிடம்தான் வருவாள்.

"பிள்ளை, என்ரை சேமலாப நிதி கட்டுப்பட்டிருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு."

"அக்கா, நீங்கள் எங்கடை பட்டியலில இல்லை. கொம்பனியைத்தான் கேக்கோணும்."

"அப்ப நீ?"

"நானும் இல்லை அக்கா."

இதே அலுவலகம்தான் இரண்டு நாள் ஹோட்டல் மண்டபம் எடுத்து ஊழியர் நலன் பற்றிப் பயிற்சிப்பட்டறை நடத்தும். கொழும்பிலிருந்து வளவாளர் குளிரூட்டிய வாகனத்தில் வருவார். "பணியாளரே எமது பெருஞ்சொத்து" என்று திரையில் பெரிதாகப் போடுவார். எல்லாரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். சாப்பாட்டுக்கு ஆள் கணக்கெடுத்தவள் அந்தப் பிள்ளை. பங்குபற்றுநர் பட்டியலில் ஒப்பந்த ஆட்களுக்கு இடமில்லை என்பதால் அவள் வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிற்பாள். சொத்து என்றால் என்ன என்று அலுவலகத்துக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் இலக்கம் எழுதி, வருடம் தவறாமல் எண்ணுகிறார்கள். கதிரை காணாமற்போனால் விசாரணை வைப்பார்கள். அதில் இருந்தவர் காணாமற்போனால் கொம்பனிக்கு ஒரு கோல் எடுப்பார்கள். மாற்று ஆள் காலமை வந்துவிடும்.

தொழிற்சங்கம்? இருக்கிறது. நிரந்தர ஊழியருக்கு. மே தினத்துக்குப் பஸ்ஸும் தொப்பியும் தருவார்கள். அன்றைக்குப் படலையில் நிற்பது மான்பவர் ஆள்.

வருட முடிவில் புதிய விலைமனுவுக்கான ஆவணம் தயாராகும். தட்டச்சு செய்வது யார் என்று சொல்லவேண்டியதில்லை. காவலாளி, சுத்திகரிப்பாளர், சாரதி என்று அட்டவணை இறங்கிக்கொண்டே போகும். கடைசி வரி: மனிதவள உதவியாளர் – 1. எதிரே விலை நிரப்ப வெற்றுப் பெட்டி. தலைமை எழுதுநர் பின்னால் வந்து எட்டிப் பார்ப்பார்.

"பிழையில்லாமல் அடியும் பிள்ளை. போனமுறை இந்தக் கடைசி அயிற்றத்துக்கு விலை கூடிப்போச்செண்டு ஓடிற்காரர் கேட்டவை."