மவுஸா, நெட்வொர்க்கா? – பழைய கணினி கேள்வி-பதில்

கேள்வி: பரணிலிருந்து ஒரு 486 கணினியை இறக்கியிருக்கிறேன். விண்டோஸ் 3.11 இன்னும் ஓடுகிறது. வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்க முடியுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: தாராளமாக. முதலில் அது எந்த 3.11 என்று பாருங்கள். ப்ரோக்ராம் மேனேஜரில் ஹெல்ப் மெனுவுக்குப் போய் அபவுட்டைத் தட்டினால் முழுப் பெயர் தெரியும். வெறும் விண்டோஸ் 3.11 என்றால் நெட்வொர்க்குக்கு வெளியே கையேந்த வேண்டும். விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் 3.11 என்றிருந்தால் பாதி வேலை முடிந்தது. 1993-ல் வந்த அந்தப் பதிப்போடு நெட்பியூயி, ஐபிஎக்ஸ் இரண்டும் வந்தன. டிசிபி/ஐபி மட்டும் வரவில்லை. அதைப் பிறகு டிசிபி/ஐபி-32 என்று மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தந்தது. ஒரே ஃப்ளாப்பியில் அடங்கிவிடும். அதற்கு டிஹெச்சிபியும் தெரியும். ஆகவே உங்கள் ரௌட்டர் மொபைலுக்குக் கொடுக்கிற மாதிரியே இதற்கும் ஒரு முகவரி கொடுத்துவிடும். வயதெல்லாம் கேட்காது.

கேள்வி: நெட்வொர்க் டிரைவர் ஏறினால் மவுஸ் உறைந்துவிடுகிறது. டிரைவரை எடுத்தால் மவுஸ் ஓடுகிறது, நெட்வொர்க் இல்லை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்குமா?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: இரண்டும் கிடைக்கும். இப்போது இருவரும் ஒரே ஐஆர்க்யூ எண்ணுக்கு அடித்துக்கொள்கிறார்கள். 'எனக்கு வேலை வந்திருக்கிறது, என்னைக் கவனி' என்று பிராசஸருக்குச் சொல்லும் கம்பி அது. ஐஎஸ்ஏ ஸ்லாட் காலத்தில் ஒரு கம்பிக்கு ஒரு ஆள்தான். என்ஈ2000 வகைக் கார்டுகள் பெரும்பாலும் ஐஆர்க்யூ 3, போர்ட் 300 என்ற அமைப்போடுதான் வரும். இரண்டாவது சீரியல் போர்ட்டான காம் 2-க்கும் அதே 3. உங்கள் மவுஸ் அங்கேதான் செருகப்பட்டிருக்கிறது. காம் 1-க்கு மாற்றுங்கள். அது 4-ஐப் பயன்படுத்தும்.

மவுஸை மாற்ற இடமில்லையென்றால் கார்டை மாற்றுங்கள். சிலவற்றில் ஜம்பர் இருக்கும், சிலவற்றுக்கு ஃப்ளாப்பியில் ஒரு டாஸ் ப்ரோக்ராம் வரும். 5 வேண்டாம், சவுண்ட் கார்டு அதில் உட்கார்ந்திருக்கும். 16 பிட் கார்டு என்றால் 10 பெரும்பாலும் காலி. கார்டில் மாற்றிய எண்ணை டிரைவருக்கான கோப்பிலும் மாற்ற மறக்காதீர்கள். கார்டில் 10, கோப்பில் 3 என்று இருந்தால் பல சமயம் டிரைவர் முணுமுணுக்காமல் ஏறிவிடும். பாக்கெட்டும் வெளியே போகும். பதில்தான் வந்து சேராது. இந்தக் கோளாறில் மாட்டியவர்கள் கேபிளைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள், பாவம் அந்தக் கேபிள்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையன்ட் போட்டேன். நெட்வொர்க் வந்தது, விளையாட்டு போனது. மெமரி போதவில்லையாம். 16 எம்பி ராம் இருக்கிறதே!
– கல்லூரி மாணவர், நெல்லை

பதில்: டாஸுக்கு 16 எம்பி ஒரு பொருட்டில்லை. சாதாரண ப்ரோக்ராம்கள் ஓடும் இடம் முதல் 640 கேபிதான். நெட்வொர்க் கிளையன்ட் 3.0, டிரைவர், நெறிமுறை, ரீடைரக்டர் என்று குடும்பத்தோடு அங்கே குடியேறிவிடுகிறது. ஹைமெம், ஈஎம்எம்386 இரண்டையும் கான்ஃபிக் கோப்பில் ஏற்றி, முடிந்தவற்றை 640-க்கு மேலே அனுப்புங்கள். மெம் கட்டளையை சி என்ற சுவிட்சோடு கொடுத்தால் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பெயரோடு பட்டியல் வரும். டாஸ் 6-ல் பூட் மெனு வைக்கலாம்: ஒரு வரி விளையாட்டுக்கு, ஒரு வரி நெட்வொர்க்குக்கு.

எனக்குப் பிடித்த வழி வேறு. மைக்கேல் புரூட்மன் எழுதிய எம்டிசிபியைப் போடுங்கள். நிரந்தரமாக மெமரியில் தங்குவது சில கேபி அளவுள்ள பாக்கெட் டிரைவர் மட்டும். டெல்நெட், எஃப்டிபி, ஐஆர்சி எல்லாம் கூப்பிட்டால் வரும், வேலை முடிந்தால் இடத்தைக் காலி செய்துவிடும். 8088 பிராசஸர் வைத்த முதல் தலைமுறை ஐபிஎம் பிசியில்கூட ஓடும். இவ்வளவு சிக்கனமாக இன்று எழுதப்படும் மென்பொருளைப் பார்ப்பதே அரிது.

கேள்வி: விண்டோஸ் 11-ல் பகிர்ந்த ஃபோல்டர் டாஸ் கணினியில் தெரியவில்லையே?
– சேலம் வாசகர்

பதில்: தெரியாது, தெரியவும் வேண்டாம். டாஸ் கிளையன்ட் பேசுவது எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடக்கியது. அதே ஆண்டிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-ல் அந்தப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் சேர்ப்பதில்லை. ஒரு பழைய கணினிக்காக வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியின் கதவைத் திறந்து போடாதீர்கள். எம்டிசிபியிலேயே எஃப்டிபி சர்வர் இருக்கிறது. அதை டாஸில் ஓடவிட்டு, புதுக் கணினியிலிருந்து கோப்பை அனுப்புங்கள். எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும் என்பதால் வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும்.

கேள்வி: பிரவுசர் திறக்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை.

பதில்: இன்றைய தளங்கள் கேட்கும் குறியாக்கம் அந்தப் பிரவுசருக்குத் தெரியாது. டபிள்யூஆர்பி என்ற ப்ராக்ஸியை வேறொரு கணினியில் வையுங்கள். அது பக்கத்தைத் திறந்து, தட்டக்கூடிய படமாக மாற்றி அனுப்பும்.

கேள்வி: ட்ரம்பெட் வின்சாக் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அது என்ன?
– சென்னை வாசகி

பதில்: அப்பாவின் முதல் இன்டர்நெட்டாக இருக்கலாம். விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியபோது சென்னையும் அதில் இருந்தது. எழுத்து மட்டும் வரும் ஷெல் கணக்குக்கு ஒரு டெர்மினல் ப்ரோக்ராம் போதும். டிசிபி/ஐபி கணக்கு வாங்கியவர் விண்டோஸ் 3.1 வைத்திருந்தால் அதற்கு இணையத்தின் மொழியை யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பீட்டர் டட்டம் எழுதிய ட்ரம்பெட் வின்சாக் உலகம் முழுவதும் அதைச் செய்தது.

அது ஷேர்வேர்: பயன்படுத்திப் பாருங்கள், பிடித்தால் பணம் அனுப்புங்கள். பயன்படுத்தியவர்களோடு ஒப்பிட்டால் அனுப்பியவர்கள் மிகக் குறைவு. ஓஸ்ஈமெயில் என்ற நிறுவனம் அனுமதியில்லாமல் பத்திரிகைகளோடு வந்த டிஸ்குகளில் அதைப் போட்டு விநியோகிக்க, வழக்கு ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் வரை போனது. 1996-ல் தீர்ப்பு வந்தபோது விண்டோஸ் 95 டிசிபி/ஐபியைத் தன்னோடே கொண்டுவந்து விட்டிருந்தது. ஒரு தலைமுறையை இணையத்துக்குள் அழைத்துப்போன மனிதருக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டியது கிடைக்கவில்லை. எம்டிசிபியோ வேறு எதுவோ, இப்போது நீங்கள் பயன்படுத்தும் கருவியை எழுதியவருக்கு ஒரு வரி நன்றி எழுதுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 95-ஐப் புதுக் கணினியில் நிறுவினால் நெட்வொர்க் வரும் இடத்தில் நின்றுவிடுகிறது.

பதில்: வேகம் அதிகம். 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் அதன் நெட்வொர்க் டிரைவர் அடுக்கில் நேரக் கணக்கு பிசகி பிழை வரும். திருத்தக் கோப்பு உண்டு. இல்லையேல் 86பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் பழைய பென்டியமாக ஓட்டுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தாயிற்று. பிங் போட்டால் பதிலே இல்லை.
– மதுரை வாசகர்

பதில்: கீழிருந்து வாருங்கள். பாக்கெட் டிரைவர் ஏறும்போது கார்டின் மேக் முகவரியைத் திரையில் காட்டுகிறதா? எல்லாம் பூஜ்யமாகவோ எல்லாம் எஃப்-ஆகவோ இருந்தால் போர்ட் எண் தவறு. சரியாக இருந்தால் டிஹெச்சிபி, அதன் பிறகு ரௌட்டருக்குப் பிங், வெளித்தளம் கடைசியில். ஒரு படி தேறாமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.

கார்டின் லிங்க் விளக்கே எரியவில்லையென்றால் எதிர்முனையைப் பாருங்கள். உங்கள் கார்டுக்கு 10 மெகாபிட்தான் தெரியும். சில புதிய 2.5 கிகாபிட் போர்ட்டுகள் அவ்வளவு கீழே இறங்காது. நடுவில் ஒரு பழைய 10/100 ஸ்விட்சைப் போடுங்கள். செகண்ட் ஹாண்ட் கடையில் கேட்டால் கிடைக்கும்.