ஐம்பதுகளின் அடுக்களைக்காரர்

கொல்லிமலையில் அண்மைக் காலமாகத் தென்படும் மனித வகைகளுள் ஐம்பதுகளின் அடுக்களைக்காரர் தனியே ஆராயத்தக்கவர். பெருநகரம் ஒன்றில் கணினி வேலை பார்த்து ஓய்ந்தபின், காரவள்ளிக்கு மேலுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவந்து, செம்மேட்டுக்கு அருகே ஓட்டு வீடொன்றைப் பிடித்து, அதன் சமையலறையை மட்டும் 1955ஆம் ஆண்டுக்குத் திருப்பியனுப்ப முனைபவர் இவர். மற்ற அறைகள் நிகழ்காலத்திலேயே இருக்கும். வெந்நீர்க் கருவியில்லாத குளியலறையை இவரால் எண்ணிப்பார்க்கவும் இயலாது.

இவர் போற்றும் 'மிட்செஞ்சுரி' பாணி, இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்த, அலங்காரம் குறைந்த, மெலிந்து சரிந்த கால்களையுடைய மரச்சாமான்களின் பாணியாகும். அதன் முன்னோடிகளான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் இங்கு வந்து 1958இல் அளித்த அறிக்கையில் நம் சொம்பின் வடிவத்தை வியந்து போற்றினர் என்பதும், அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது என்பதும் வரலாறு. இச்செய்தியை அறிந்த நாள்முதல் அடுக்களைக்காரர் சொம்பில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு, அதன்மேல் வெளிச்சம் விழுமாறு ஒரு விளக்கைப் பொருத்தியுள்ளார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இவருக்குத் தனி மரியாதை உண்டு. விலை கேட்டபின் மறுபேச்சு பேசாதவருக்கு எங்கும் கிடைக்கும் மரியாதைதான் அது. இரும்பின்மேல் கண்ணாடிப் பூச்சேற்றிச் சுட்ட எனாமல் அடுக்குகள், கம்பிவலைக் கதவிட்ட அலமாரி, பம்பு ஸ்டவ், கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி வார்க்கப்படும் ஆத்தங்குடிக் கற்கள், இவற்றோடு ஓர் ஆட்டுக்கல்லும் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஏறி மலைக்கு வந்து சேரும். இறக்கிவைக்கும் உள்ளூர்க் கொத்தனார், "இதுல எங்கூட்ல கோழிக்குத் தண்ணி வைக்கறோம் சார், கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்" என்று கூறும்போது, அது வேறு காலத்துக் கல் என்று இவர் பொறுமையாக விளக்குவார்.

உண்மையில் 1950களின் தமிழ் அடுக்களை என்பது பெரும்பாலும் வீட்டின் பின்கோடியில், புகைக்கரி படிந்த சுவர்களுக்கிடையே, பெண்கள் குந்தியமர்ந்து ஊதுகுழலால் விறகடுப்பை ஊதிய இருட்டறையாகும். ஹாக்கின்ஸ் பிரஷர் குக்கர் நிறுவனம் தொடங்கிய 1959இல்தான், மாஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சிச் சமையலறை ஒன்றின்முன் அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் நின்று வாதிட்டனர். அந்தச் சமையலறைதான் அடுக்களைக்காரரின் மனத்தில் உள்ளதே தவிர, அவருடைய பாட்டி இருமிய சமையலறை அன்று. எனவே இவர் அமைப்பது எவரும் எக்காலத்தும் சமைத்திராத ஓர் ஐம்பதுகளின் அடுக்களை எனலாம். அதில் இடுப்புயர மேடையும் புகைபோக்கியும் உண்டு. மிக்சியும் மைக்ரோவேவும் சுவருக்குப் பின்னுள்ள சிற்றறையில் தலைமறைவாக வாழும்.

இதே மலையில், உரலில் சாமை குத்திக் கை ஓய்ந்த பெண்களின் பாட்டைக் குறைப்பதற்காக, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தோல் நீக்கும் இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்தது. உலக்கையை மகிழ்ச்சியோடு மூலையில் சாத்திய அப்பெண்களுள் ஒருவரே இன்று அடுக்களைக்காரரின் வீட்டுக்குச் சமையலுக்கு வருகிறார்; அச்சிற்றறையின் சாவியும் அவரிடமே உள்ளது.

இவர் வீட்டில் விருந்துண்ணச் செல்வோர் ஆட்டுக்கல்லின் அழகைப் புகழுமுன், அதன் குழவி அசைகிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நலம். பெரும்பாலும் அது சிமெண்டு வைத்துப் பூசப்பட்டிருக்கும்.