சிரிக்கப் போறவனுக்கு எதுக்கு இத்தனை சிங்காரம்?

ஏங்கண்ணு, காமெடி நாடகத்துக்குத்தானே போறே? பொண்ணு பார்க்கவா போறே? கண்ணாடி முன்னாடியே நிக்கறியே! கதர்ச் சட்டை வேணுமாம், அதுவும் கசங்கி இருக்கோணுமாம். இஸ்திரி போட்டுப் போனா நாடகக்காரன் தொரத்திப் போடுவானாக்கும்?

அப்பறம் அந்தப் போனு. எத்தனை ஸ்டாரு, எந்த எடத்துல சிரிப்பு வருது, எல்லாம் முந்தியே படிச்சுப்போட்டே. அங்க போயி எப்பச் சிரிக்கோணும்னு தெரிஞ்சு போச்சுல்ல? வூட்லயே சிரிச்சுப்போட்டுப் படுத்துக்க. ஆட்டோக் காசாச்சும் மிஞ்சும்.

நீ போற எடம் பெங்களூரு ஜே.பி. நகர் ரங்க சங்கரா. அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ‘மால்குடி டேஸ்’ சீரியல் எடுத்தாரே சங்கர் நாக், 1990ல கார் விபத்துல போயிட்டார். முப்பத்தஞ்சு வயசு, சாவுற வயசா அது? நாடகத்துக்குன்னே ஊருல ஒரு கொட்டாய் வேணும்னு அவருக்கு ஆசை. அவர் சம்சாரம் அருந்ததி நாக் அம்மா அலைஞ்சு திரிஞ்சு பணம் சேர்த்து 2004ல அதைத் தெறந்து காட்டுச்சு.

அங்க ஒரு சட்டம் இருக்குது பாரு, அதுதான் எனக்குப் புடிச்சது. நேரமானாக் கதவைச் சாத்திப் போடுவாங்க. ஏழரைன்னா ஏழரை. சில்க் போர்டு டிராபிக்குல மாட்டிக்கிட்டேன்னு நீ ஆபீசுல அளக்கற கதையெல்லாம் அந்த வாசப்படியில செல்லாது. நாங்க வெடிய வெடியக் கூத்துப் பார்த்த ஆளுக. எப்ப வேணா வருவோம், பாயிலயே சித்த நேரம் சாஞ்சுக்குவோம், கோமாளி வந்தா எழுப்பிவுடச் சொல்லுவோம். எங்களுக்குக் கதவே இல்லை. லேட்டா வாறதையே பெருமைன்னு நினைக்கற உங்களுக்குத்தான் கண்ணு கதவு வேணும்.

சரி, உள்ள போயி உக்காந்துட்டே. மேடையில ஒருத்தன் எடறி விழறான். பின்னாடி ஒரு பாட்டி கெக்கெக்கேன்னு சிரிக்குது. நீயி? பக்கத்துத் தாடிக்காரன் சிரிக்கறானான்னு ஓரக்கண்ணுல பார்க்கறே. அவனும் உன்னையத்தான் பார்க்கறான். ரெண்டு பேரும் சிரிக்காமயே நாடகம் முடிஞ்சு போச்சு. வெளிய வந்து, “இதுல பல அடுக்கு இருக்கு”ங்கறே. எனக்குத் தெரிஞ்ச அடுக்கு உங்க ஆத்தாவோட அடுக்குப்பானைதான். பாட்டி குடுத்த காசுக்குச் சிரிச்சுப்போட்டுப் போயிருச்சு. நீ காசும் குடுத்துப்போட்டு மூஞ்சியையும் தூக்கி வெச்சுட்டு வாறே. ஆருக்கு நட்டம்?

இந்தக் கூத்தெல்லாம் இந்த ஊருக்குப் புதுசில்லை. டி.பி. கைலாசம்னு ஒருத்தர் இருந்தார். தமிழ் பேசற வூட்டுல பொறந்தவர், அப்பாரு ஜட்ஜு. லண்டன் வரைக்கும் போயி மண்ணையும் கல்லையும் படிச்சுப்போட்டு வந்து, கன்னடத்துல நாடகம் எழுதுனார். எழுதி ஆரை வெச்சுச் சிரிச்சார்? பாதிப் பேச்சு இங்கிலீசு, மீதிப் பேச்சு பீத்தல்னு திரிஞ்ச ஆளுகளைத்தான். ‘டொள்ளு கட்டி’ன்னு ஒரு நாடகம். ஒரே வூட்டுல ரெண்டு பசங்க. ஒருத்தன் புஸ்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவன். இன்னொருத்தன் பரீட்சைன்னாலே கோட்டை வுடறவன். வூடு தீப்புடிக்குது. உள்ள பூந்து ஆளைக் காப்பாத்துனது எவன்? அதையும் கேக்கோணுமா? கைலாசம் 1946லயே கண்ணை மூடிட்டார். உன்னையப் பார்க்காமயே உன்னைய எழுதி வெச்சுப்போட்டுப் போயிட்டார், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

மாஸ்டர் ஹிரண்ணய்யா இன்னொரு எமகாதகர். 2019ல போனார். ‘லஞ்சாவதார’ங்கற நாடகத்தை ஆயிரக்கணக்குல போட்டவர். அன்னைக்குப் பேப்பர்ல வந்ததை அன்னைக்கே மேடையில போட்டுத் தொவைப்பார். லஞ்சம் வாங்கறவனும் டிக்கெட்டு எடுத்து வந்து வயிறு வலிக்கச் சிரிப்பான். பக்கத்துச் சீட்டுக்காரனைத்தான் வையறாருன்னு அவன் நெனைப்பு!

“கன்னடம் புரியாதே தாத்தா”ங்கறியா? இத்தனை வருசம் காவேரித் தண்ணிய இங்கயே குடிச்சுப்போட்டு, ‘கன்னட கொத்தில்லா’ங்கறதைத் தவிர ஒண்ணும் கத்துக்கலை. சந்தையில கத்திரிக்காய் விக்கற அம்மா நாலு பாசையில வெலை பேசுது, அது எந்த ஆப்பை எறக்குச்சு? புரியலைன்னாப் போகுது. மாமியா வந்ததும் மருமவன் பீரோவுக்குள்ள ஒளியறதுக்கு எந்த ஊர்ல அகராதி வேணும்?

போனதும் மொதல்ல கேன்டீனுக்குப் போ. சபுதானா வடை சூடா இருக்கும். தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டோ எடுத்துட்டு நின்னீனா மூணாவது பெல்லு அடிச்சிருவாங்க, சொல்லிப்போட்டேன். அப்பறம் ராத்திரி பூரா வடையோடவே பேசிட்டு இரு.