மாமாவுக்கு ஒரு வாடகைக் கடிதம்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

மகாராஜராஜஸ்ரீ சூலூர் மாமா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

ஒருவழியாக வீடு கிடைத்துவிட்டது. விமானப்படைத் தளத்துக்கு மாற்றலாகி வருகிற குடும்பங்களுக்கு லைன் வீட்டைத் திறந்து காட்டிவிட்டுத் திண்ணையில் சாய்ந்தபடியே, "ஏனுங்க, சொந்த ஊரு எதுங்க? நீங்க என்ன ஆளுங்க? கறி மீன் ஆக்குவீங்களா?" என்று கேட்டு, வந்தவரின் குலம், கோத்திரம், குழம்பு மூன்றையும் ஐந்தே நிமிஷத்தில் அறிந்து, அட்வான்ஸையும் எண்ணி வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம் வாய்ந்த தங்களுக்கு, இத்தேசத்து வழக்கம் விசித்திரமாகவே படும்.

இங்கே வீட்டுக்காரர் மதம், கட்சி, மனைவி கர்ப்பமா, வாடகைதாரர் சங்கத்தில் அங்கத்தினரா என்பவற்றையெல்லாம் விசாரிக்கலாகாது. விசாரித்துவிட்டாலோ, பொய்யாகப் பதில் சொல்லக் குடித்தனக்காரனுக்குப் பாத்தியதை உண்டென்று நியாயஸ்தலங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. அரிச்சந்திரன் இந்நாட்டில் வீடு தேடியிருந்தால் பிழைத்துப்போயிருப்பான். ஆனால் பணப்பையைச் சோதிப்பதில் மட்டும் இவர்களுக்குத் தாட்சண்யமே கிடையாது. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய வீட்டில் பாக்கியில்லை என்ற அத்தாட்சி, கடன் வாங்கியவர்களின் யோக்கியதையை 1927 முதல் குறித்துவரும் 'ஷூஃபா' என்ற ஸ்தாபனத்தின் நற்சான்று ஆகியவற்றைக் கட்டாகக் கட்டிச் சமர்ப்பித்துவிட்டு, கண்ணபுரம் சந்தையில் சுழி பார்க்க நிறுத்திய காங்கேயம் காளையைப்போல மாடிப்படியில் பத்துப்பேரோடு நிற்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், கடனே வாங்காதவனைப் பற்றி அந்த ஸ்தாபனத்துக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாதவனுக்கு வீடு கொடுக்க வீட்டுக்காரர் தயங்குவார். கைமாற்றுக்கூட வாங்காதே என்று தாங்கள் வளர்த்த வளர்ப்பே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

கிடைத்த வீட்டில் சமையலறை இருந்தது, சமைப்பதற்கு ஒன்றுமில்லை. தொட்டி, அடுப்பு, அலமாரி யாவற்றையும் முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போவது இங்கே சர்வசாதாரணம். சுவரிலிருந்து இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்க, அத்தை கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைத் தரையில் உட்கார்ந்து பிசைந்து தின்றேன். போதாக்குறைக்கு, இப்பிரதேசத்தில் வாரமுறை ஒன்று உண்டு: கதவில் ஓர் அட்டை தொங்கினால், அவ்வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது அவ்வீட்டாரின் கடமை, வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். வந்தவுடன் அட்டை என் கதவுக்கு வந்தது. நான் துடைத்து முடித்த படியை மேல்மாடிக் கிழவி விரலால் தடவிப் பார்த்தாள்; கோபிக்கவில்லை; வாளியைக் கொண்டுவந்து மறுபடியும் துடைத்தாள்.

தங்களுக்கு முக்கியமான விஷயம் அட்வான்ஸ். சூடேற்றுவது முதலான உபசெலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதத்துக்குமேல் வாங்கக் கூடாது; அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம்; வீட்டுக்காரர் அதைத் தம் சொத்தோடு கலக்காமல் தனியே போட்டு வைத்து, வட்டியையும் குடித்தனக்காரனுக்கே சேர்க்க வேண்டும். வட்டி என்றதும் தாங்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. காலி செய்யச் சொல்லவும் தக்க காரணம் வேண்டும். எட்டு வருஷம் குடியிருந்தவனுக்கு ஒன்பது மாத அவகாசமும் தர வேண்டும்.

அந்நிய தேசத்து ஆசாரமென்று இதைத் தள்ளிவிட வேண்டாம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நம் ராஜ்யத்தில் அமலிலிருக்கும் வாடகைச் சட்டமும், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டுமென்றும், வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாதென்றும் சொல்கிறது. அந்த 'வேறு விதமாக' என்ற சந்துக்குள்தான் தங்களுடைய பத்து மாத அட்வான்ஸ் நுழைந்து சௌகரியமாகக் குடியிருக்கிறது! வாடகை தாமதமானால் மோட்டாரை நிறுத்தித் தண்ணீரைத் தடுக்கும் தங்கள் வைத்தியத்துக்கோ அச்சட்டத்தில் சந்தே இல்லை.

ஆகையால் அடுத்துக் குடிவருபவரிடம் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொண்டு, ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிடுங்கள். சென்ற வருஷம் காலி செய்துபோன வாத்தியாருக்குத் தர வேண்டிய மீதி அட்வான்ஸையும் இம்மாதமே கொடுத்தனுப்புங்கள். சுண்ணாம்பு அடித்த கூலியென்று தாங்கள் பிடித்துக்கொண்டது ரொம்ப ஜாஸ்தி என்று அத்தையே போனில் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்