பத்தாங்கிளாஸ் பாலிசி

வளைகுடா கிளம்பும் குமரி மாவட்டப் பிள்ளைகள் எந்தக் காப்பீடு எடுப்பது என்று மண்டையை உடைக்க வேண்டாம். அரசே தீர்த்து வைத்துவிட்டது. பத்தாம் வகுப்பு தேறாமல் வேலைக்குப் போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம்: இரண்டாண்டுக்கு 275 ரூபாய், விபத்தில் செத்தால் 10 லட்சம். மாரடைப்பில் போனால் அந்தத் தொகை கிடையாது. விவரமுள்ளவன் சாரத்திலிருந்து விழுவான்.

தேறியவனுக்குக் கட்டாயமில்லை. நியாயந்தானே, எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் கையிலிருப்பவனை எந்தக் கிரேன் இடிக்கும்?

மார்த்தாண்டத்து அம்மாக்கள் இன்னும் கெட்டி. நேந்திரங்காய் சிப்ஸுக்கும் கருப்பட்டிக்கும் நடுவே கோடாலித் தைலத்தைச் சொருகி, "மக்களே, எது வந்தாலும் இதைத் தேய்" என்கிறார்கள். தைலம் போன வருஷம் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மகனின் டியூஷனை நிறுத்திவிட்டார். பையனுடைய பாதுகாப்பு முக்கியமாம்.