வண்டியும் ஒருநாள் வண்டி ஏறும்

உத்தியோக மாற்றலாகி வெளிமாநிலம் செல்லும் வாசகர்கள், காரைக் கூடவே கொண்டுபோவது குறித்து எழுதிய கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

வங்கி அதிகாரி, சென்னை
கேள்வி: டில்லிக்கு மாற்றலாகிவிட்டது. காரை நானே ஓட்டிச் செல்வதா, ட்ரெய்லரில் ஏற்றி அனுப்புவதா?

பதில்: சென்னையிலிருந்து டில்லிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர், விஜயவாடா, நாகபுரி, ஜான்சி, ஆக்ரா என்று வழிநெடுகப் பார்க்கவும் உண்ணவும் தங்கவும் எத்தனையோ இருப்பதால், தாராளமாக விடுமுறையும் மாறி மாறி ஓட்டுவதற்கு ஒரு துணையும் வாய்க்கப்பெற்றவர் அந்தப் பாக்கியத்தை ட்ரெய்லருக்குத் தாரை வார்க்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் புதுக் கிளையில் ஆஜராக வேண்டியவரும், நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவரும் சந்தேகமின்றி ஏற்றியே அனுப்பலாம். தூக்கக் கண்ணோடு ஓட்டி மிச்சம் பிடிக்கும் பணம் ஒருநாளும் லாபக் கணக்கில் சேராது.

கல்லூரி மாணவர், மதுரை
கேள்வி: ரயிலில் கார்கள் போவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மாமாவின் காரையும் அப்படி அனுப்ப முடியுமா?

பதில்: பழைய பிரயாணிகள் பெட்டிகளின் ஜன்னல்களை அடைத்து, இரு முனைகளிலும் கதவு வைத்து, ஒரு முனையில் ஏறிய கார் பெட்டிக்குப் பெட்டி உருண்டு உள்ளே செல்லும்படி மாற்றியமைத்த ‘என்.எம்.ஜி.’ வாகன்கள் உண்டு. தாங்கள் பார்த்தவை அவையாக இருக்கலாம். அவை பெரும்பாலும் தொழிற்சாலைகளின் புதுக் கார்களை முழு ரயிலாக ஏற்றிச் செல்பவை. ஒற்றைக் காருடன் வரும் தனி மனிதருக்கு நடைமுறையில் சாலையே கதி. மாமாவிடம் ஸ்கூட்டர் இருந்தால் அதற்கு ரயில்வே இடம் தரும்: பெட்ரோல் டாங்கைக் காலி செய்து, சாக்குச் சுற்றிக் கட்டி, ஆர்.சி. நகலையும் அடையாள அட்டையையும் காட்டினால் பார்சல் ஆபீஸில் பதிவு செய்துகொள்வார்கள்.

இல்லத்தரசி, சேலம்
கேள்வி: நான்கு கம்பெனிகளில் விசாரித்தோம். மூவர் ஏறக்குறைய ஒரே தொகை சொல்ல, நான்காமவர் மட்டும் அதில் பாதிதான் கேட்கிறார். அவர் உத்தமர்தானே?

பதில்: டீசல் விலையும் சுங்கச்சாவடிக் கட்டணமும் டிரைவர் பேட்டாவும் நால்வருக்கும் ஒன்றாகவே இருக்கும்போது, ஒருவருக்கு மட்டும் செலவு பாதியாகக் குறைவதற்கு நியாயம் காணோம். மீதிப் பாதியை, கார் தம் கைக்குப் போன பிறகு, ஏற்றுக்கூலி என்றும் இறக்குக்கூலி என்றும் வழிச்செலவு என்றும் கேட்பவர்கள் இத்தொழிலில் உண்டு. ஆகவே 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அது இல்லாமல் பொதுச் சரக்கு ஏற்றும் தொழிலைச் செய்யவே கூடாது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரையா, ஷெட்டிலிருந்து ஷெட் வரையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீண்ட ட்ரெய்லர் தங்கள் தெருவுக்குள் நுழையாதாகையால், ஷெட்டுவரை காரை ஓட்டிச் செல்பவர் யார் என்பதும் அதில் இருக்கட்டும். முன்பணமாக ஒரு பகுதியும், கார் வந்து சேர்ந்தபின் மீதியும் கொடுப்பதே உசிதம்.

ஒரு மாமியார், கும்பகோணம்
கேள்வி: மருமகள் புனாவுக்குக் காரை அனுப்புகிறாள். காலியாகத்தானே போகிறது? டிக்கியில் கிரைண்டரையும் மாவடு ஜாடியையும் வைத்தால் என்ன?

பதில்: அம்மா, தங்கள் அன்பு மதிப்பிட முடியாதது; இன்ஷூரன்ஸ் கம்பெனியோ மதிப்பிட முடிந்ததற்கு மட்டுமே பணம் தரும். காருக்குள் வைக்கும் சாமான் தொலைந்தாலும் உடைந்தாலும் கேட்பதற்கு நாதியில்லை. பள்ளத்தில் ட்ரெய்லர் குலுங்கும்போது கிரைண்டர் உருண்டு காரையே உள்ளிருந்து இடிக்கவும் கூடும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் தவிர மற்றதையெல்லாம் இறக்கிவிடச் சொல்லுங்கள். பெட்ரோல், ஏற்றி இறக்கும் அளவுக்கு இருந்தால் போதும், ஆர்.சி.யின் நகலைக் கொடுத்து மூலத்தையும் இரண்டாவது சாவியையும் மருமகளே வைத்துக்கொள்ளட்டும். மாவடு, தாங்கள் புனா செல்லும்போது தங்களோடு ரயிலில் போவதே அதற்கும் கௌரவம்.

ஆசிரியர், திருநெல்வேலி
கேள்வி: ரசீதில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வழியில் காருக்குச் சேதம் வந்தால் யார் தருவார்கள்?

பதில்: கடிதங்கள் அனைத்திலும் முக்கியமான கேள்வி இதுவே. மேற்சொன்ன சட்டத்தின் விதிகளின்படி, அதிக ஆபத்துக்கான கூடுதல் கட்டணத்துக்கு நாம் எழுத்து மூலம் சம்மதித்தாலன்றி, கம்பெனியின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உச்சவரம்பு 2,00,000 ரூபாய்; காரின் மதிப்பு எட்டு லட்சமானால் மீதி ஆறு லட்சத்துக்கு வேறு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் பலருடைய அலமாரியிலேயே இருக்கிறது. காருக்கு எடுக்கும் முழுப் பாலிசியில், சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் ஆகியவற்றில் கொண்டுசெல்லப்படும்போது நேரும் சேதமும் வழக்கமாக அடங்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. முழுப் பாலிசியில் நஷ்டஈடு வாங்கினால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ போய்விடுமாகையால், பயணத்துக்கென்று தனி இன்ஷூரன்ஸும் எடுப்பது விவேகம். அதற்குப் பணம் வாங்கிய கம்பெனியிடம் பாலிசியின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். ‘எல்லாம் சேர்த்துத்தான் சார்’ என்னும் வாய்மொழி எந்த அலுவலகத்திலும் செல்லாது.

அஞ்சல்துறை ஓய்வாளர், கோயம்புத்தூர்
கேள்வி: தாங்களே காரை அனுப்பிய அனுபவம் உண்டா?

பதில்: உண்டு. மகளின் காரைச் சென்னையிலிருந்து குர்காவுனுக்கு அனுப்பினோம். சாவியைக் கொடுப்பதற்கு முன் நல்ல வெயிலில் நான்கு பக்கமும் கூரையும் சக்கரங்களும் கிலோமீட்டர் மீட்டரும் தெரியப் படமெடுத்து, பழைய கீறல்களையெல்லாம் சோதனைத் தாளில் எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டோம். அங்கே கார் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது; காரெல்லாம் ஒரே தூசி. கொண்டுவந்த டிரைவர், தம் கைபேசி விளக்கை முன் பம்பர்மேல் அடித்து, அங்கே புதிதாக விழுந்திருந்த கீறலைத் தாமே காட்டி, “எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஆபீஸில் காகிதம் பேசினால்தான் கேட்பார்கள்” என்று ஹிந்தியில் சொன்னார். மகள் காரைத் தண்ணீர் விட்டுக் கழுவி, முழுவதும் பார்த்து, எழுதினாள். அந்த ஒரு வரியைக் கொண்டே பெயின்ட் செலவு எங்களுக்குக் கிடைத்தது.

வியாபாரி, ஈரோடு
கேள்வி: கார் நசுங்கி வந்தது. கம்பெனி போனையே எடுப்பதில்லை. இனி என்ன செய்வது?

பதில்: போனை விட்டுப் பேனாவை எடுங்கள். மேற்சொன்ன 2007ஆம் ஆண்டின் சட்டப்படி, காரை அனுப்பப் பதிவு செய்த தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் பின்னர் வழக்குத் தொடரும் உரிமை நிலைக்கும். தேதி பதிவாகும் வகையில் அதைத் தபாலில் அனுப்புங்கள். கம்பெனியின் அஜாக்கிரதையை நிரூபிக்கும் பாரத்தைச் சட்டம் தங்கள் தலையில் வைக்கவில்லை. நல்ல நிலையில் ஒப்படைத்ததும் சேதத்தோடு பெற்றதும் தெரிந்தால் போதும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அதற்கும் அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாங்கள் வசிக்கும் ஈரோட்டிலேயே மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

மென்பொருள் பொறியாளர், ஓசூர்
கேள்வி: கார் பெங்களூருக்குப் போனாலும் ‘டி.என்.’ எண்ணை விட மனமில்லை. எத்தனை காலம் வைத்திருக்கலாம்?

பதில்: தங்கள் பிரியத்துக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 12 மாதம் அவகாசம் தருகிறது. அதற்குமேல் கார் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே புதிய எண் பெற வேண்டும். இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் 28ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்றும், கடன் இருந்தால் அதைக் கொடுத்தவரின் சம்மதமும் பெறுங்கள். அங்கே வரி கட்டிய பின், இங்கே முன்கூட்டிக் கட்டியதில் எஞ்சிய காலத்துக்கு உரியதைத் திரும்பப் பெற விண்ணப்பியுங்கள். அடிக்கடி மாற்றலாகும் அரசு ஊழியர்க்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்க்கும், 2021இல் வந்த ‘பி.ஹெச்.’ வரிசை எண் இந்தச் சிரமத்தை நீக்கும்.

கணக்காளர், வேலூர்
கேள்வி: கார் கொண்டுவரும் டிரைவருக்கு இனாம் கொடுக்க வேண்டுமா? கீறல் இருந்தாலுமா?

பதில்: இருந்தாலும் கொடுங்கள். கீறல் கம்பெனியின் கணக்கு. காகிதத்தில் எழுதித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. நாகபுரி வெயிலிலும் வடநாட்டுப் பனிமூட்டத்திலும் பிறர் கார்களைச் சுமந்துகொண்டு, தம் குடும்பத்தைப் பிரிந்து ஓடி வருகிறவருடைய உழைப்பு வேறு கணக்கு. கையெழுத்தில் கண்டிப்பும், கை கொடுப்பதில் தாராளமும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பதில் யாதொரு முரண்பாடும் இல்லை. முதலில் நிதானமாகக் காரைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு அவருக்கு ஒரு தேநீரும், தங்களால் இயன்ற தொகையும், நன்றியும் கொடுத்து அனுப்புங்கள்.