எண்ணுபெயரும் எண்ணாப்பெயரும்: வேளாங்கண்ணிக் கடைத்தெரு உரை

இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், எதற்கு ‘மெனி’, எதற்கு ‘மச்’ என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறுநாளே மறக்கும் ஆங்கில இலக்கணத்தை, வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் வைத்து வகைப்படுத்துதல் நுதலிற்று. கடைத்தெரு எற்றுக்கு எனின், மும்பைக்காரரிடம் இந்தியும் கோவாக்காரரிடம் ஆங்கிலமும் கேரளத்தாரிடம் மலையாளமும் பேசி அளந்து கொடுக்கும் வணிகர் ஆண்டு உளர். அளவைக்கு அவரினும் மேலான உரையாசிரியர் இலர் என்க.

முன்னோர் கொள்கை: தொல்காப்பியர் எண்ணுப்பெயர், நிறைப்பெயர், அளவுப்பெயர் என மூன்று கூறினார், நிறைக்கும் அளவுக்கும் முதலாக வரும் எழுத்து ஒன்பது என்பதுவரை எண்ணியும் வைத்தார். பின் வந்தோர் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக்கினர். டென்மார்க்கின் ஒட்டோ யெஸ்பர்சன் 1924-இல் வந்த தம் இலக்கணத் தத்துவ நூலில் எண்ணத்தக்கவை, திரள்பெயர் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார். அவர் டெல்டாவுக்கு வந்தவர் அல்லர். யாம் ஐந்தென்போம்.

முதல் வகை: எண்ணிக் கொடுப்பவை

மெழுகுவத்தி, தேங்காய், தென்னங்கன்று, வெள்ளித் தகட்டில் செய்த கை, கால், கண். இவற்றில் ஐயமில்லை, ‘மெனி’ போடலாம். ஆனால் மெழுகுவத்தி பீடத்தின் முன் உருகியபின் வெறும் மெழுகு. அதற்கு ‘மச்’சே வரும். இலக்கணம் மாற ஒரு தீக்குச்சி போதும்.

இரண்டாம் வகை: முகந்து கொடுப்பவை

நெல், உப்பு, பால். ஆங்கிலேயர் ‘ரைஸ்’ எண்ணத்தகாது என்பர். எண்ணிப் பார்க்காதவர் சொல் அது. நம் பழைய வாய்ப்பாட்டின்படி 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. பெருக்கினால் நாழிக்கு 14,400 நெல். எட்டு நாழி குறுணி, பன்னிரண்டு குறுணி கலம். ஆகக் கலத்துக்கு 13,82,400. சீரகச் சம்பாவா மோட்டா நெல்லா என்று இடைமறிப்பவர் வேளாண்மை அறிந்தவர். வாய்ப்பாட்டின் மாண்பு அறியாதவர்.

அற்றேல், நெல்லை எண்ணியே கொடுக்கலாமே எனின், ஆகாது. ஒருவர் ஒருமுறை எண்ணினார். மற்றவர் அவரை நம்பிப் படியைப் பிடித்தார். சிக்கல் அங்கேதான். படி யாருடையது? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்து மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பேர். பொன் நிறுத்த கல்லுக்கும் அதே பேர். இறைவன் பேரை மரக்காலுக்கு வைத்தது பக்தியால் மட்டும் அன்று, பிற மரக்கால்களை நம்பாமையாலும் என்பது எம் துணிபு. கூலியை முத்திரை மரக்காலால் அளந்து கொடு என்பது கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்களின் பழைய கோரிக்கை. கொடுக்கும்போது சிறுத்து வாங்கும்போது பெருக்கும் மரக்காலைக் களத்தில் கண்டவர்களுக்கு அளவுச்சொல் இலக்கணம் அன்று, வயிறு.

உப்பும் அவ்வாறே. 1930 ஏப்ரல் 30 அன்று தெற்கே வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளினார். ஆறு மாதச் சிறை. ஆங்கிலம் உப்பை எண்ணத்தகாது என்றது. ஆங்கிலேய அரசு அள்ளிய ஆட்களை எண்ணிக்கொண்டது.

பாலுக்கு இவ்வூர்த் தலவரலாறே சான்று. நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன சிறுவன், வழியில் குழந்தையோடு தோன்றிய தாய் கேட்கக் கொடுத்தான். போன இடத்தில் பால் குறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டுப் பானையைத் திறந்தால் நிறைந்து வழிந்தது என்பர். ‘லெஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘மோர்’ வந்தது. அடுத்த அற்புதம் மோர் விற்ற சிறுவனுக்கு நடந்ததாகச் சொல்வது இக்கருத்துக்கு வலுவூட்டும்.

மூன்றாம் வகை: முழம் போடுபவை

பூ. முழங்கையில் தொடங்கிய சரம் நடுவிரல் நுனியைத் தொடுமுன்னே விரல் மடங்கும். மடங்கிய இடத்தில் நார் அறும்.

“என்னக்கா, முழம் இவ்ளோதானா?”

“என் கை இவ்ளோதான் தம்பி. ஒங் கையால வேணும்னா நீ ஒக்காந்து கட்டு.”

இந்திய அரசு 1956-இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் இயற்றியது. நெல் கிலோவுக்குப் போயிற்று, பால் லிட்டருக்குப் போயிற்று. பூக்காரர் கை மட்டும் இன்றுவரை அச்சட்டத்துக்கு உட்படவில்லை.

நான்காம் வகை: கூறு கட்டுபவை

மீன். ஆங்கிலத்தில் ஒன்றும் ‘ஃபிஷ்’, ஒரு வலையும் ‘ஃபிஷ்’. எண்ணுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் அவர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டனர் போலும். இங்கே வஞ்சிரம் எடைக்கு, நெத்திலி கூறுக்கு. கூறின் மேலே பெரியது கிடக்கும், அடியில் கிடப்பது வீட்டுக்குப் போய்த் தெரியும். கடற்கரைப் பொரிப்புக் கடையில் அதே வஞ்சிரம் ‘பீஸ்’ ஆகி மறுபடி எண்ணத்தகும். விலை ஏற ஏற எண்ணிக்கை நுணுகும் என்பது இதனால் பெறப்படும். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் கல்வெட்டில் முத்துகள் எண்ணவும் பட்டன, நிறுக்கவும் பட்டன.

ஐந்தாம் வகை: எண்ணாமல் விடுபவை

முடி, யோசனை, கூட்டம் என மூன்று. மொட்டை போடும் இடத்தில் தலைக்குத்தான் கணக்கு, முடிக்கு இல்லை. அதே முடி சாம்பாரில் கிடந்தால் ‘ஒரு முடி’ என்று எண்ணப்படும். ஆங்கிலத்திலும் அங்கே ஒருமை வரும். ‘அட்வைஸ்’ எண்ணத்தகாது என்னும் விதியில் மட்டும் ஆங்கிலேயர் நம்மை வென்றார். ‘ஒரு யோசனை’ என்று தொடங்கும் நம் மாமாக்கள் ஒன்றோடு நிறுத்தியதில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை வரும் கூட்டத்தை ‘லட்சக்கணக்கான’ என்று எழுதுவர். அத்தொடரில் கணக்கு உண்டு, கணக்கிட்டவர் இலர்.

புறனடை

மேற்கூறியவற்றால், எண்ணத்தகுதலும் தகாமையும் பொருளின் குணம் அல்ல. கைமாறும்போது யார் யாரை நம்பவில்லையோ அதைப் பொறுத்து வருவது என்பது முடிபு. நம்புகிறவன் அள்ளுகிறான், நம்பாதவன் எண்ணுகிறான். மாணாக்கர் இம்முடிபைத் தேர்வில் எழுதற்க. அங்கே ‘மச் ரைஸ்’ என்றே எழுதி மதிப்பெண் பெறுக. மதிப்பெண் எண்ணத்தகும், கூட்டலையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்க.